உறுப்பு தானப் பதிவும் காத்திருப்போர் பட்டியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருடம் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தேன். முதலில் சென்னையில், அப்புறம் மதுரையில். இந்த வேலையில் இருப்பவருக்கு இரண்டு வகையான மனிதர்களோடுதான் நாள் கழியும். ஐசியூ வாசலில் பிள்ளையையோ கணவரையோ இழந்து நிற்கும் குடும்பம் ஒன்று. டயாலிசிஸ் முடிந்து, ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி "என் நம்பர் எப்போ வரும் சிஸ்டர்?" என்று கேட்கும் நோயாளி இன்னொருவர். இரண்டு தரப்பும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும், நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வது பெரும்பாலும் நாடு முழுமைக்கும் பொருந்தும். நடைமுறை என்று சொல்வது தமிழ்நாட்டு நடைமுறை.

உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்வது எப்படி?

பத்து நிமிட வேலை. நோட்டோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய உறுப்பு, திசு மாற்று அமைப்பின் இணையதளத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்தால், கைபேசிக்கு ஓடிபி வரும். எந்தெந்த உறுப்புகள், எந்தெந்தத் திசுக்கள் என்று தேர்ந்தெடுக்கலாம், எல்லாம் என்றும் குறிக்கலாம். உடனே சான்றிதழைத் தரவிறக்கிக்கொள்ளலாம். ஆதார் வழியான இந்தப் பதிவு 2023 செப்டம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் டிரான்ஸ்டான் என்ற தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் இருக்கிறது, அங்கேயும் விவரம் கேட்கலாம். காகிதத்தில்தான் எழுதிக் கொடுப்பேன் என்பவர்களுக்குப் படிவம் 7 உண்டு. அதில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், அவர்களில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பதிவு செய்துவிட்டால், இறந்த பிறகு வீட்டாரைக் கேட்காமலே எடுத்துக்கொள்வார்களா?

மாட்டார்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நம் நாட்டில் பதிவு என்பது உங்கள் விருப்பத்தைச் சொல்லும் ஒரு தாள். கடைசிச் சொல் குடும்பத்தினுடையது. படிவம் 8-இல் நெருங்கிய உறவினர் கையெழுத்திட்டால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். நீங்கள் பதிவு செய்திருந்தாலும், மனைவியோ மகனோ "வேண்டாம்" என்றால் எந்த மருத்துவமனையும் கத்தியை எடுக்காது. நீங்கள் பதிவே செய்யாமல் இருந்து, குடும்பம் "கொடுக்கிறோம்" என்றால் தானம் நடக்கும்.

ஒரு சம்பவத்தை நான் மறக்க மாட்டேன். நாற்பது வயதுக்காரர், பைக் விபத்து, மூளைச்சாவு உறுதியாகிவிட்டது. மனைவி யோசித்தார், அவருடைய அண்ணன் "உடம்பை முழுசா கொண்டு போவோம்" என்றார், எடுத்துப் போனார்கள். பன்னிரண்டு நாள் கழித்து அந்த அம்மா எனக்கு போன் செய்தார். கணவரின் பர்ஸை அன்றைக்குத்தான் திறந்திருக்கிறார். வண்டி ஆர்சிக்குப் பின்னால் மடித்து வைத்த தானப் பதிவு அட்டை இருந்ததாம். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அண்ணன்கிட்ட பேசியிருப்பேனே" என்றார். அதற்கு மேல் அவராலும் பேச முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

ஆகவே அட்டை எடுத்த அன்றைக்கே சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிடுங்கள். மனைவிக்கு மட்டும் சொன்னால் போதாது. நம் வீடுகளில் துக்க நேரத்தில் முடிவெடுப்பவர் பெரியப்பாவாகவோ தாய்மாமாவாகவோ மூத்த அண்ணனாகவோ இருப்பார். அவர் காதில் போட்டு வையுங்கள். பதிவு செய்ய நேரமே இல்லை, ஆனால் வீட்டில் சொல்லிவிட்டீர்கள் என்றால், பதிவு செய்துவிட்டுச் சொல்லாமல் இருப்பதைவிட அது பல மடங்கு பயனுள்ளது.

மூளைச்சாவு என்றால் என்ன? கோமாவிலிருந்து எழுந்தவர்கள் இருக்கிறார்களே?

கோமாவில் மூளை பழுதுபட்டிருக்கிறது, உயிரோடும் இருக்கிறது. மூளைச்சாவில் மூளைத்தண்டு நிரந்தரமாக நின்றுவிட்டது. மூச்சு விடச் சொல்லும் இடம் அதுதான். அது போய்விட்டால் திரும்ப வராது. சட்டப்படியும் மருத்துவப்படியும் அது மரணம்.

சொல்லுக்கு இது சுலபம். படுக்கை அருகே நிற்கும் ஒரு தாய்க்கு இதை எப்படிப் புரியவைப்பது? "மூச்சு வாங்குறானே சிஸ்டர், நெஞ்சு ஏறி ஏறி இறங்குதே. கை சூடா இருக்கே" என்பார். அவர் சொல்வதில் ஒன்றும் பொய்யில்லை. நெஞ்சு ஏறி இறங்குவது வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளுவதால். இதயம் துடிப்பது, அதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை என்பதால். ஆக்சிஜன் கிடைக்கும் வரை அது தானாகத் துடித்துக்கொண்டிருக்கும். கை சூடாக இருப்பது அந்தத் துடிப்பால். இன்னும் சில மணி நேரத்திலோ சில நாளிலோ, மெஷின் ஓடிக்கொண்டிருந்தாலும் இதயமும் நின்றுவிடும்.

சோதனைகள் என்னென்ன என்று குடும்பத்தார் கேட்டால், ஒளிக்காமல் ஒவ்வொன்றாகச் சொல்வேன். கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், பாவை சுருங்கக் கூடாது. பஞ்சு நுனியால் கருவிழியைத் தொடுவார்கள், இமை அசையக் கூடாது. காதுக்குள் ஐஸ் தண்ணீர் விடுவார்கள், உயிருள்ள மூளை என்றால் கண் உருளும். தொண்டைக்குள் குழாய் விட்டு உறிஞ்சுவார்கள், இருமல் வரக் கூடாது. கடைசியாக மூச்சுச் சோதனை. வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜன் மட்டும் கொடுத்துவிட்டு, நெஞ்சைப் பார்த்தபடி நிற்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். எந்த உயிருள்ள மூளையும் அந்த அளவில் ஒரு மூச்சையாவது இழுத்தே தீரும். ஏழெட்டு நிமிடம், சில சமயம் பத்து நிமிடம் ஆகும். அந்த நிமிடங்களில் ஐசியூவில் யாரும் பேச மாட்டார்கள்.

இந்த எல்லாவற்றையும் குறைந்தது 6 மணி நேரம் இடைவெளி விட்டு மறுபடி ஒருமுறை செய்ய வேண்டும். இரண்டாவது முறையும் அதே முடிவு வந்தால்தான் படிவம் 10-இல் கையெழுத்து.

உறுப்புக்காக அவசரப்பட்டு மூளைச்சாவு என்று சொல்லிவிட மாட்டார்களா?

இந்தப் பயம் நியாயமானது, கேட்பவர் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. சட்டமும் இதே பயத்தை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டது. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் சேர்ந்து உறுதி செய்ய வேண்டும்: மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவர், அங்கீகரிக்கப்பட்ட குழுவிலிருந்து ஒரு நிபுணர், ஒரு நரம்பியல் மருத்துவர் அல்லது நரம்பியல் அறுவை மருத்துவர், அப்புறம் நோயாளிக்குச் சிகிச்சை அளித்துவந்த மருத்துவர். உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவைச் சேர்ந்த எவரும் இந்த நால்வரில் இருக்க முடியாது.

உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள். மூச்சுச் சோதனையை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்ட அப்பாக்கள் உண்டு. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த பிறகுதான் ஒருவர் தலையசைத்தார். ஒருங்கிணைப்பாளர் உங்களிடம் தானம் பற்றிக் கேட்பதும் 2011 சட்டத் திருத்தத்தின்படி அவருடைய கடமை. அவர் கேட்பதால் சிகிச்சையைக் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருளில்லை. சிகிச்சை முடிந்துபோன பிறகுதான் அவர் வருகிறார்.

தமிழ்நாட்டில் இது எப்போது தொடங்கியது?

2008-இல்தான் அரசாணைகளோடு ஒழுங்கான திட்டமாயிற்று. யாராவது ஒருவர் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் போன் செய்து உறுப்பைப் பங்கிட்ட காலம் அதோடு முடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற 15 வயதுப் பையன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். அவனுடைய அப்பா அசோகனும் அம்மா புஷ்பாஞ்சலியும் டாக்டர்கள். பிள்ளையின் உறுப்புகளைக் கொடுக்க அவர்களே முன்வந்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் வரை போலீசார் சாலையைக் காலியாக்கித் தர, 11 நிமிடத்தில் இதயம் போய்ச் சேர்ந்தது, 9 வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. மூளைச்சாவு என்ற சொல்லைத் தமிழ்நாட்டு டீக்கடைகள் வரை கொண்டுபோனது அந்த ஒரு நாள். எங்கள் வேலையை லேசாக்கியதும் அந்தக் குடும்பம்தான்: "ஹிதேந்திரன் மாதிரியா?" என்று நாங்கள் பேசப் போகும் வீட்டாரே கேட்பார்கள். செப்டம்பர் 23 இன்றைக்கும் மாநிலத்தில் உறுப்பு தான நாள். 2023-இல் அதே நாளில்தான், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். 2023-இல் 178 பேரும் 2024-இல் 268 பேரும் இறந்தபின் உறுப்பு கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் இறந்தால் உறுப்பு தானம் செய்ய முடியுமா?

இதயம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் முடியாது. ரத்த ஓட்டம் நின்றவுடன் அவை கெட்டுவிடும். அந்த உறுப்புகள் கிடைப்பது பெரும்பாலும் விபத்திலோ மூளை ரத்தக்கசிவிலோ ஐசியூவில் மூளைச்சாவு அடைபவர்களிடமிருந்து மட்டும்தான். அதனால்தான் லட்சக்கணக்கில் பதிவு இருந்தும் உறுப்பு கிடைப்பது அரிதாக இருக்கிறது.

ஆனால் கண்களைக் கொடுக்கலாம். பெரும்பாலும் யாரும் கொடுக்கலாம், கண்ணாடி போட்டவர்கள், கண்புரை அறுவை செய்தவர்கள்கூட. 6 மணி நேரத்துக்குள் கண் வங்கியை வீட்டுக்கு வரவழைக்க வேண்டும். அவர்கள் வரும்வரை செய்ய வேண்டியது இதுதான்: மின்விசிறியை நிறுத்துங்கள், இமைகளை மூடி மேலே ஈரப் பஞ்சு வையுங்கள், தலைக்குத் தலையணை கொடுத்துச் சற்று உயர்த்துங்கள். கால் மணி, இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், முகத்தில் மாற்றம் தெரியாது. தோலும் கொடுக்கலாம். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தோல் வங்கி இருக்கிறது, தீக்காயப்பட்டவர்களுக்கு அது உயிர் காக்கும் போர்வை.

உடல் தானமும் உறுப்பு தானமும் ஒன்றா?

இல்லை. உடல் தானம் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் படிப்பதற்கு. அதற்கு அந்தந்தக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். கண் தானம் செய்தபின் உடலை ஏற்றுக்கொள்வார்கள். உள்ளுறுப்புகளை எடுத்தபின் பொதுவாக ஏற்க மாட்டார்கள்.

சர்க்கரை, பிரஷர் இருந்தால் பதிவு செய்யக் கூடாதா? வயது?

தாராளமாகப் பதிவு செய்யுங்கள். எந்த உறுப்பு நன்றாக இருக்கிறது என்பதை அந்த நேரத்தில் பரிசோதித்துத்தான் முடிவு செய்வார்கள். சிறுநீரகம் ஆகாவிட்டாலும் கல்லீரல் ஆகலாம். பரவிய புற்றுநோய், எச்ஐவி போன்ற சில நிலைகளில் எடுக்க மாட்டார்கள். உங்களை நீங்களே விலக்கிக்கொள்ள வேண்டாம்.

உடம்பைச் சிதைத்துவிடுவார்களே? சடங்கு எப்படிச் செய்வது? மறுபிறவியில் கண் இல்லாமல் பிறப்பார்களாமே?

உறுப்பு எடுப்பதும் ஒரு முறையான அறுவை சிகிச்சைதான். ஆபரேஷன் தியேட்டரில், உயிருள்ளவருக்குச் செய்வது போலவே தையல் போட்டு, துடைத்து, வேட்டி கட்டித் தருவார்கள். குளிப்பாட்டலாம், மாலை போடலாம், முகம் பார்க்கலாம். எங்கள் மருத்துவமனையில் தையல் போடும் பி.ஜி. மாணவரிடம் நர்ஸ் அக்கா ஒருவர் நின்று சொல்வார்: "தம்பி, அவங்க அம்மா சட்டையைத் தூக்கிப் பார்ப்பாங்க. அதை நினைச்சுத் தையல் போடு."

மறுபிறவி பற்றி நான் வாதாடுவதில்லை. ஆனால் ஒருமுறை ஒரு பாட்டியே எனக்குப் பதில் எடுத்துக் கொடுத்தார். பேரன் இறந்துகிடக்கிறான், உறவுக்காரர் ஒருவர் கண் இல்லாமல் பிறப்பான் என்கிறார். "கண்ணப்பன் கண்ணைப் பிடுங்கி அப்பினானே, அவனுக்குச் சாமி என்ன கண்ணில்லாம செஞ்சிட்டாரா?" என்று கேட்டார் பாட்டி. படிவத்தில் கைநாட்டு வைத்ததும் அவர்தான் முதலில்.

விபத்து, போலீஸ் கேஸ் என்றால்?

தடையில்லை. காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், விசாரணை அதிகாரியின் சம்மதம் வாங்கப்படும். பிரேதப் பரிசோதனை மருத்துவரும் ஒத்துழைப்பார். உறுப்பு எடுத்த கையோடு பிரேதப் பரிசோதனை முடிந்துவிடும். 2021 நவம்பரிலிருந்து, வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் பிரேதப் பரிசோதனை செய்ய மத்திய அரசு அனுமதித்துள்ளது. உறுப்பு தானத்தில் இது பெரிய உதவி. முன்பெல்லாம் உடலை வாங்க விடியும்வரை பிணவறை வாசலில் குடும்பத்தார் உட்கார்ந்திருப்பார்கள். சம்மதத்திலிருந்து உடல் கைக்கு வர 12 மணி நேரம் முதல் ஒரு நாள் வரை ஆகலாம். இதை முன்கூட்டியே குடும்பத்திடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாததால் வந்த சண்டைகளை நான் பார்த்திருக்கிறேன், அதில் தப்பு எங்கள் தரப்பில்தான்.

கொடுப்பவர் குடும்பத்துக்குச் செலவு உண்டா? பணம் கிடைக்குமா?

சம்மதம் கொடுத்த பிறகு ஆகும் செலவு குடும்பத்தின் பில்லில் வரக் கூடாது. வந்தால் கேள்வி கேளுங்கள். பணம் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. உறுப்பை விற்பது, வாங்குவது, தரகு செய்வது மூன்றுக்குமே 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

எனக்கு உறுப்பு தேவை. காத்திருப்போர் பட்டியலில் சேருவது எப்படி?

நீங்களாக ஆன்லைனில் சேர முடியாது. உறுப்பு மாற்று உரிமம் பெற்ற மருத்துவமனை ஒன்றில் பரிசோதனைகள் முடித்து, மருத்துவக் குழு தகுதி என்று முடிவு செய்த பிறகு, அந்த மருத்துவமனைதான் உங்கள் பெயரை டிரான்ஸ்டானில் ஏற்றும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "பெயர் கொடுத்தாச்சு" என்ற வாய்ச்சொல்லை நம்பி இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு, பெயரே ஏறவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டவரை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வருடத்தை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

65 வயதுக்கு மேல் பதிவு செய்ய முடியாது என்ற விதி 2023-இல் நீக்கப்பட்டது. இந்த மாநிலத்தில்தான் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடாது, பதிவுக் கட்டணமும் கூடாது என்று அப்போதே மாநிலங்களுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு. அட்டை இல்லாதவர்கள் அறுவை சிகிச்சைத் தேதி வரும்வரை காத்திராமல் இப்போதே கலெக்டர் ஆபீசில் வாங்கி வைத்துவிடுங்கள்.

எனக்குப் பின்னால் பதிவு செய்தவருக்குக் கிடைத்துவிட்டது. ஏமாற்று வேலையா?

இந்தக் கேள்வியைக் கேட்காத டயாலிசிஸ் நோயாளி கிடையாது. ரேஷன் கடை வரிசை மாதிரி முன்னால் வந்தவருக்கு முதலில் என்று இது ஓடாது. பல சல்லடைகளில் சலித்த பிறகுதான் பதிவுத் தேதி பேசும்.

முதல் சல்லடை ரத்த வகை. ஓ வகைக்காரருக்கு ஓ மட்டும்தான் பொருந்தும். அதனால் ஓ வகையில் கிடைத்த உறுப்பை முதலில் ஓ வகைக்காரருக்கே கொடுப்பார்கள். அப்படியும் அந்த வகையில் வரிசை நீளம். ஏபி வகைக்காரர் உங்களுக்குப் பிறகு வந்து உங்களுக்கு முன் போவது இதனால்.

அடுத்தது இடம். கொடையாளர் இருக்கும் மருத்துவமனைக்கே மாற்று உரிமம் இருந்தால், ஒரு சிறுநீரகமும் கல்லீரலும் இதயமும் முதலில் அங்கே காத்திருப்பவர்களுக்கு. மற்ற சிறுநீரகம் பொதுப் பட்டியலுக்கு. அரசு மருத்துவமனையில் கிடைத்தால் அரசு மருத்துவமனைகளில் காத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை. இந்த ஏற்பாட்டைச் சிலர் குறை சொல்வார்கள். எனக்கு இது சரியென்றே படுகிறது. மூளைச்சாவைக் கண்டறிந்து, குடும்பத்தோடு இரவெல்லாம் பேசி, கொடையாளரின் ரத்த அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தி வைப்பது லேசான வேலையில்லை. அந்த உழைப்புக்கு ஓர் ஊக்கம் இல்லாவிட்டால் பல மருத்துவமனைகள் மூளைச்சாவை அறிவிக்கவே மாட்டா.

அப்புறம் நேரம். இதயமும் நுரையீரலும் எடுத்ததிலிருந்து நான்கு முதல் ஆறு மணி நேரம்தான் தாங்கும். கல்லீரல் ஏறக்குறைய 12 மணி நேரம். சிறுநீரகம் ஒரு நாள் வரை பொறுக்கும். மதுரையில் எடுத்த இதயத்தைச் சாலை வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோக முடியாது. விமானம் கிடைக்காவிட்டால் அது வேறு ஊருக்குத்தான் போகும், அல்லது வீணாகும். இதயத்துக்கு உடல் அளவும் பொருந்த வேண்டும். கல்லீரலில் அவசர வரிசை என்று ஒன்று உண்டு: விஷத்தாலோ வைரஸாலோ சில நாட்களில் கல்லீரல் மொத்தமாக நின்றுபோனவர் எல்லோருக்கும் முன்னால் போவார். டயாலிசிஸ் போலக் கல்லீரலுக்கு நீண்ட நாள் தாங்கும் மெஷின் கிடையாது.

கடைசிச் சல்லடை கிராஸ்மேட்ச். கொடையாளரின் அணுக்களையும் உங்கள் சீரத்தையும் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) லேபில் சேர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் ரத்தத்தில் அந்த உறுப்பை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் இருந்தால் "பாசிட்டிவ்". அப்படி என்றால் வரிசையில் முதல் ஆளாக இருந்தாலும் அந்தச் சிறுநீரகம் உங்களுக்கு ஆகாது. ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், பிள்ளை பெற்ற பெண்களுக்கும் இந்த ஆன்டிபாடிகள் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் ரத்த அளவு குறைந்தால் உடனே ரத்தம் ஏற்றச் சொல்லாமல், ஊசி மருந்தால் ஏற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்வேன்.

பணக்காரர்களுக்கும் வெளிநாட்டவருக்கும்தானே முதலில் போகிறது?

விதிப்படி வெளிநாட்டவர் கடைசி. மருத்துவமனை, மாநிலம், பிற மாநிலங்கள் என்று எங்குமே பொருத்தமான இந்தியர் இல்லை என்றால்தான் அவர் பெயர் பார்க்கப்படும். பணத்தால் பட்டியலில் ஏற முடியாது. ஆனால் பணம் வேறு வழியில் வேலை செய்கிறது, அதை மறைக்கக் கூடாது. பஸ் செலவுக்கே கடன் வாங்கும் ஒருவரால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வர முடிவதில்லை. வராதவர் பெயர் பட்டியலில் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படும். உறுப்பு வரும்போது அவரைத் தாண்டிப் போய்விடும். இதைச் சரிசெய்ய மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலேயே இந்தப் பரிசோதனைகளைச் செய்து முடிவை அனுப்பினால் போதும் என்று பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். இன்னும் சொல்வேன்.

உறவினர் ஒருவர் கொடுக்கிறேன் என்கிறார். காத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் அது சாத்தியம். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரைச் சட்டம் நெருங்கிய உறவினர் என்கிறது. மற்றவர்கள் கொடுப்பதாக இருந்தால் அங்கீகாரக் குழு விசாரித்து, அன்பினால்தான் கொடுக்கிறார், பணம் கைமாறவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். ரத்த வகை பொருந்தாத இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் முறையும் சட்டத்தில் உண்டு.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தியாவில் 2013-இல் 5,000-க்குச் சற்றுக் குறைவாக இருந்த உறுப்பு மாற்று அறுவைகள் 2023-இல் 18,000-ஐத் தாண்டின. ஆனால் அந்த ஆண்டு இறந்தபின் கொடுத்தவர்கள் நாடு முழுவதும் 1,099 பேர்தான். மீதிப் பெரும் பங்கு உயிரோடு இருப்பவர்கள் கொடுத்தது. அவர்களில் பெண்களே அதிகம், பெற்றுக்கொள்பவர்களில் ஆண்களே அதிகம். "என் பொண்டாட்டி கொடுப்பா" என்று கணவர் சொல்லும்போது, அந்த அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, காபி வாங்கிக் கொடுத்து, "உங்களுக்கு விருப்பமா?" என்று கேட்பது என் வழக்கம். சிலர் அழுதிருக்கிறார்கள். விருப்பமில்லை என்றால் "மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை" என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லும்படி டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம்.

கொடுத்தவர் யார் என்று தெரிந்துகொள்ளலாமா?

பெயர், ஊர் எதையும் இரு தரப்புக்கும் சொல்ல மாட்டோம். செய்தித்தாளில் படித்துத் தேடிப் போகாதீர்கள். நன்றி சொல்ல விரும்பினால் பெயரில்லாமல் ஒரு கடிதம் எழுதி ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்து, சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

பதிவை ரத்து செய்யலாமா?

எப்போது வேண்டுமானாலும். காரணம் சொல்லத் தேவையில்லை. வீட்டில் மட்டும் அதையும் சொல்லிவிடுங்கள்.

காத்திருக்கும்போது என்ன செய்ய வேண்டும்? போன் வந்தால்?

போன் எண் மாறினால் அன்றைக்கே சொல்லுங்கள். சிம் மாற்றியதைச் சொல்லாததால் ஒருவருக்கு வந்த சிறுநீரகம் அடுத்தவருக்குப் போனது. அவருக்கு ஆறு முறை அடித்த போன் என்னுடையது. குறைந்தது மூன்று எண்கள் கொடுங்கள், ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும். மஞ்சள் காமாலைத் தடுப்பூசிகளை முடித்து வையுங்கள். சொத்தைப் பல் இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள், அறுவைக்குப் பிறகு அது கிருமிக் கூடாகும். தண்ணீர் அளவைக் கட்டுக்குள் வையுங்கள். அலமாரியில் ஒரு பை தயாராக இருக்கட்டும்: ஆதார், காப்பீட்டு அட்டை, கடைசி ரிப்போர்ட்டுகள், இரண்டு மாற்றுத் துணி, கொஞ்சம் பணம்.

அழைப்பு பெரும்பாலும் இரவில் வரும். உறுப்பு எடுக்கும் முடிவு முன்னிரவில்தான் உறுதியாகிறது. "எதுவும் சாப்பிடாம, தண்ணிகூடக் குடிக்காம உடனே கிளம்பி வாங்க" என்போம். காய்ச்சல், சளி இருந்தால் போனிலேயே சொல்லிவிடுங்கள். வந்ததும் ரத்தம் எடுப்பார்கள், எக்ஸ்ரே, தேவைப்பட்டால் ஒரு டயாலிசிஸ்.

இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு சிறுநீரகத்துக்கு இரண்டு மூன்று பேரைக் கூப்பிடுவோம். முதல் ஆளுக்குக் கிராஸ்மேட்ச் பொருந்தாவிட்டால் அடுத்தவர், அவருக்கும் இல்லையென்றால் மூன்றாமவர். திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரர் அப்படி மூன்று முறை வந்து திரும்பினார். மூன்றாவது முறை விடியற்காலை ஐந்து மணிக்கு முடிவைச் சொன்னபோது, அவர் மனைவி ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, "பசியோட இருக்காரு, இப்ப சாப்பிடலாம்ல சிஸ்டர்?" என்று கேட்டார். சாப்பிடலாம் என்றேன். அவர் கேட்ட அடுத்த கேள்வியைத்தான் எல்லோரும் கேட்பார்கள்: இப்படித் திரும்பிப் போனால் பட்டியலில் இடம் பின்னால் போய்விடுமா?

போகாது. பதிவுத் தேதி அப்படியே இருக்கும். நான்காவது முறை அவருக்குப் பொருந்தியது.